டிரோன் உயரத்தில் சாதி தெரியாது

2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்த படங்கள் வெளியாயின. பெரிய கேமராக்கள் எடுத்த படங்கள் அல்ல அவை. செல்போனில் எடுத்தவை. அவற்றைப் பார்த்துத் தமிழ்நாடே கொதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. அந்த மாதமே கேரள அரசு லாரிகளை அனுப்பித் தன் குப்பையைத் தானே அள்ளிக்கொண்டு போனது. ஒரு புகைப்படத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

இப்போது என் கேள்வி. தென்காசி மாவட்டத்தின் புளியரை சோதனைச் சாவடி வழியாக உள்ளே வரும் குப்பைக்கு இந்தக் கொதிப்பு. அதே புளியரை வழியாக வெளியே போகும் கல்லுக்கும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஏன் இல்லை? எங்கள் பக்கத்தில் ‘பொத்தை’ என்று சொல்லப்படும் சிறு குன்றுகள் வெட்டப்பட்டு, உடைக்கப்பட்டு, டிப்பரில் ஏறி மலை தாண்டிப் போகின்றன. அதற்கும் படங்கள் இருக்கின்றன. உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் வாரந்தோறும் வருகின்றன. ஆனால் அவை எதையும் அசைப்பதில்லை.

படத்தின் தரம் இதற்குக் காரணம் இல்லை. குப்பைப் படத்தில் குற்றவாளி வெளியூர்க்காரன், பாதிக்கப்பட்டவன் ‘தமிழன்’. அதைப் பகிர எவருக்கும் எந்தச் செலவும் இல்லை. குவாரிப் படத்தில் குற்றவாளியைத் தேடினால் அவர் நம் ஊரிலேயே இருக்கிறார். கோயில் கொடையில் முதல் மரியாதை வாங்குகிறார், கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிறார். பாதிக்கப்பட்டவரைத் தேடினால் அவர் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, காலனியில் இருக்கிறார். அந்தப் படத்தைப் பகிர வேண்டுமானால் ‘நாம்’ என்ற சொல்லை உடைக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை.

தொழில் இயற்கையை என்ன செய்கிறது என்பதைப் படம் பிடிக்கும் கலை இன்று உலக அளவில் பெரிய துறை. அதன் அரசியலைத் தென்காசியிலிருந்து பேசுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் தென்காசியும் குற்றாலமும் எப்படிப் படமாகின்றன என்று பாருங்கள். ஜூனில் சாரல் தொடங்கினால் போதும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகள், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி என்று கேமராக்கள் குவிந்துவிடும். அதே சுந்தரபாண்டியபுரத்தில் ‘அந்நியன் பாறை’ இருக்கிறது. 2005-இல் வந்த ‘அந்நியன்’ படத்தின் பாடல் காட்சிக்காக நடிகர்களின் முகங்களை வரைந்த பாறை. படப்பிடிப்பு முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். சினிமா கேமரா தொட்டதால் ஒரு பாறைக்குப் பெயர் கிடைத்தது. அப்படி எந்தக் கேமராவும் தொடாத பொத்தைகளுக்கு ஏல அறிவிப்பில் ஒரு சர்வே எண் மட்டும் கிடைக்கிறது.

பொத்தை வெறும் கல் அல்ல. அதில் ஆடு மேயும். அதன் சரிவில் வழியும் மழைத் தண்ணீர்தான் அடியில் இருக்கும் குளத்துக்கு வரத்து. உச்சியிலோ அடிவாரத்திலோ ஒரு சுடலைமாடன் நிற்பார். நிலம் இல்லாதவனுக்குப் பொத்தைதான் நிலம். ஆடு வளர்க்கவும் விறகு பொறுக்கவும் அவனுக்கு வேறு இடம் கிடையாது. பட்டா வைத்திருப்பவனுக்குப் பொத்தை போனால் ஒரு காட்சி போகும். பட்டா இல்லாதவனுக்குப் பிழைப்பே போகும்.

குற்றாலத்தின் அழகைப் பேசுகிறவர்கள் தவறாமல் திரிகூடராசப்பக் கவிராயரின் ‘குற்றாலக் குறவஞ்சி’யை இழுத்து வருவார்கள். அந்த நூலில் மலையைத் தன் மலை என்று சொல்லி வளம் பாடுபவள் ஒரு குறத்தி. ரிசார்ட் விளம்பரங்களில் அவளுடைய மலை இருக்கிறது, அவள் இல்லை. 2022-இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு, இயற்கை அருவிகளின் போக்கைத் திருப்பிச் செயற்கை அருவிகளை உண்டாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. அருவியைத் தனியாருக்குத் திருப்புவதும் மலையிலிருந்து மனிதரைக் கழித்துவிட்டுப் படம் எடுப்பதும் ஒரே மனநிலையின் இரண்டு வேலைகள். ‘கறைபடாத இயற்கை’ வேண்டும், அதில் வாழ்பவர்கள் வேண்டாம்.

இந்தச் சுற்றுலாப் படங்களைக் கேலி செய்துவிட்டு, ‘நாங்கள் மலையின் காயத்தைப் படம் எடுக்கிறோம்’ என்று வரும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடுதான் என் முக்கியமான சண்டை.

அவர்கள் டிரோனைப் பறக்கவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் குவாரி ஓர் அற்புதமான வடிவம். படிப்படியாக வெட்டப்பட்ட சுவர்கள், நடுவில் பச்சை நிறத் தண்ணீர், ஓரத்தில் பொம்மை போல ஒரு பொக்லைன். கண்காட்சியில் ஆறடிக்குப் பிரின்ட் போட்டு மாட்டுவதற்கு ஏற்ற படம். எங்கள் பக்கத்துக் குவாரி ஒன்றின் அப்படிப்பட்ட படத்தைப் பெருநகரக் கண்காட்சி ஒன்றில் பார்த்தேன். மலையின் மரணம் என்ற பொருளில் தலைப்பு. படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. அது கிரஷர் தூசி படிந்த காலனி வீடுகளின் கூரை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே என் அத்தை வீடு இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அது வண்ணச் சேர்க்கையின் ஒரு பகுதி. அதே கண்காட்சிக்காக என்னிடம் கேட்டு வாங்கிய குறிப்பிலிருந்து சாதி பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ‘ஃபோகஸ் சிதறுகிறது’ என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்தப் பாணிக்கு உலகத்தில் பெரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி, குவாரிகளையும் சுரங்கங்களையும் உயரத்திலிருந்து பிரம்மாண்டமாக எடுத்தவர். ராஜஸ்தானின் மக்ரானா பளிங்குக் குவாரிகளையும் எடுத்திருக்கிறார். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதகுலம் பூமியை எந்த அளவுக்குத் தோண்டியிருக்கிறது என்று காட்ட அந்த உயரம் தேவைப்படலாம். ஆனால் ‘மனிதகுலம்’ என்ற அந்தச் சொல்தான் சிக்கல். குவாரியைத் தோண்டியது மனிதகுலம் அல்ல. குத்தகைதாரர் ஒருவர், அனுமதி கொடுத்த அதிகாரி ஒருவர், ஜாக்ஹாமர் பிடித்த கூலித் தொழிலாளி ஒருவர். இந்த மூவரையும் ஒரே ‘மனிதகுலம்’ ஆக்கிவிட்டால் குற்றமும் பொதுவாகிவிடும், தூசி மட்டும் ஒருவர் நுரையீரலில் இருக்கும்.

சரி, மனிதர்களை எடுத்தால் போதுமா? பிரேசிலின் செபாஸ்தியோ சல்காடோ 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களில் மனிதர்கள்தான் நிரம்பி இருக்கிறார்கள். சேறு அப்பிய ஆயிரக்கணக்கான உடல்கள் மூட்டை சுமந்து ஏணி ஏறும் படங்கள். அவருடைய புலம்பெயர்வோர் பற்றிய படங்களை முன்வைத்து சூசன் சொன்டாக் 2003-இல் ஒரு கேள்வி எழுப்பினார். எளிய மனிதர்களைப் படம் எடுத்துவிட்டு அவர்கள் பெயரைக் குறிப்பில் போடாமல் விட்டால், பிரபலங்களுக்கு மட்டுமே பெயர் உண்டு என்கிற உலகத்துக்குத் துணைபோவதாகாதா என்பதே அந்தக் கேள்வியின் சாரம். நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சாதி சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம்.

ஜப்பானின் மினமாட்டா இன்னும் ஆழமான பாடம். சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட பாதரசக் கழிவால் நோயுற்ற மக்களோடு யூஜின் ஸ்மித்தும் அய்லீன் ஸ்மித்தும் 1971 முதல் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். 1972 ஜனவரியில் யூஜின் ஸ்மித் அந்த நிறுவனத்தின் ஆலையில் வைத்துக் கடுமையாகத் தாக்கப்பட்டார். நோயுற்ற மகளைக் குளிப்பாட்டும் தாயின் படம் உலகத்தை உலுக்கியது. பிற்காலத்தில், தங்கள் மகள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, 1990களின் இறுதியில் அய்லீன் ஸ்மித் அந்தப் படத்தைப் பற்றிய முடிவை அவர்களிடமே ஒப்படைத்தார். படம் எடுத்தவரின் உரிமையைவிட எடுக்கப்பட்டவரின் உரிமை பெரியது என்று ஒப்புக்கொண்ட செயல் அது. நம் மலைக் காயப் புகைப்படக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் காலனிக்குத் திரும்பிப் போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்?

‘சூழலியலில் ஏன் சாதியை நுழைக்கிறீர்கள்? தூசிக்குச் சாதி தெரியுமா?’ என்று கேட்பார்கள். தூசிக்குத் தெரியாது. விதிக்குத் தெரியும்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறது அது. நல்ல விதி. ஆனால் ‘குடியிருப்பு’ என்றால் என்ன? வருவாய்ப் பதிவேட்டில் ஊர், நத்தம், வீட்டுமனை என்று குறிக்கப்பட்ட இடம், அல்லது உரிய அமைப்பின் ஒப்புதல் பெற்ற மனை என்று விளக்கம் தருகிறது அதே விதி. இப்போது யோசியுங்கள். தமிழ்நாட்டின் கிராமங்களில் பட்டா இல்லாமல் புறம்போக்கில் குடியிருப்பவர் யார்? மூன்று தலைமுறையாக மனு கொடுத்தும் மனைப்பட்டா கிடைக்காதவர் யார்? 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களைப் பறிகொடுத்தவர் யார்? பதிவேட்டில் இல்லாத வீடு அந்த விதியின் கண்ணில் வீடே இல்லை. ஊரிலிருந்து 300 மீட்டர் அளப்பார்கள். காலனிக்கு அந்த அளவு நாடா நீளாது.

ஆக, டிரோனுக்கு முன்பே மேலிருந்து பார்த்து எங்களை அழித்த ஒரு படம் உண்டு. அதன் பெயர் கிராம வரைபடம். டிரோன் புகைப்படக்காரர் அழகுக்காகச் செய்வதை வருவாய்த் துறை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிர்வாகத்துக்காகச் செய்துகொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. வரவேற்போம். ஆனால் சொல்லை நீக்கிய கையோடு அந்த வீடுகளுக்குப் பட்டா கொடுத்து அவற்றை வரைபடத்தில் ஏற்றவில்லை என்றால், பெயரும் இல்லாத இடமாகத்தான் அவை மிஞ்சும்.

மற்ற விதிகளின் கதையும் இப்படித்தான். சிறு கனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் சொன்னது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைவான தனிக் குவாரிகளுக்குப் பொதுவாக மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. காப்புக் காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021-இல் தமிழ்நாடு அரசு விதி செய்தது. அடுத்த ஆண்டே காப்புக் காடுகளுக்கு அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. அப்போது சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், சரியாகவே எதிர்த்தார்கள். யானைக்கும் காட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் கேட்ட அந்தக் குரல்கள், பட்டா இல்லாத மனிதருக்கு 300 மீட்டர் கேட்டு அதே வேகத்தில் எழுந்ததில்லை. முகுல் சர்மா 2017-இல் வெளியிட்ட ‘காஸ்ட் அண்ட் நேச்சர்’ நூலில் இந்தியச் சூழலியல் அரசியலின் இந்தக் குருட்டுத்தன்மையை விரிவாகவே விவாதித்திருக்கிறார். படித்தவர்கள்தான் குறைவு.

இன்னொரு கேள்வி நம் பக்கத்திலிருந்தே வரும். ‘குவாரியை மூடினால் உன் ஆட்களுக்குத்தானே வேலை போகும்?’ முதலாளி கேட்கும் கேள்விதான் இது. ஆனாலும் இதில் உண்மை இருக்கிறது என்பதால் பதில் சொல்ல வேண்டும். ஆம், கல் உடைப்பவர்களில் நம் மக்கள் இருக்கிறார்கள். பீடிக் கூலி கட்டாத வீட்டில் ஆண்கள் குவாரிக்குப் போகிறார்கள். அதனால்தான் தொழிலாளி இல்லாத குவாரிப் படத்தை நான் எதிர்க்கிறேன். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் குழியின் ஆழம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. படிகள் விட்டு வெட்ட வேண்டிய பாறையைச் செங்குத்தாக வெட்டுவது, முகமூடி இல்லாமல் துளையிடுவது, தண்ணீர் தெளிக்காத கிரஷரின் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆவது இவையெல்லாம் விபத்துக்கு முந்தைய நாட்களின் காட்சிகள். அந்த நாட்களைத்தான் படம் எடுக்க வேண்டும்.

பரீதாபாத் கல்குவாரிகளின் கொத்தடிமை நிலை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது ஒரு கடிதத்தின் வழியாக. பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் குவாரித் தொழிலாளிகளின் விடுதலையும், குடிதண்ணீரும், கிரஷர் தூசியைக் கட்டுப்படுத்துவதும் சேர்ந்தே பேசப்பட்டன. தொழிலாளியின் உரிமையும் காற்றின் தூய்மையும் ஒரே கோரிக்கை என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது முதலாளிக்கு வசதி. தொழிலாளியைப் படத்திலிருந்து நீக்கும் புகைப்படக்காரர் அந்த வசதியைச் செய்து கொடுக்கிறார்.

ஆபத்தையும் பேசிவிடுவோம். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் குவாரிக்கு எதிராகப் போராடிய விவசாயி ஜெகநாதன் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயம் அருகே சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். டிரோனோடு வருபவர் மாலையில் காரேறிப் போய்விடுவார். செல்போனில் எடுக்கும் நம் பையன் இரவும் அங்கேதான் தூங்க வேண்டும். கேமராவின் முன்னால் எல்லோரும் சமம் என்று பேசுகிறவர்கள் இந்த இரவைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்ன செய்யலாம்? வழி காட்ட நம்மிடமே ஆள் இருக்கிறார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனிகுமார், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமாக்கியவர். அதோடு நிற்காமல் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். கேமரா கை மாறினால் படத்தின் உயரமும் மாறும் என்பதற்கு அந்தப் பிள்ளைகளின் படங்களே சான்று.

தென்காசியில் நமக்குத் தேவையானதும் அதுதான். குவாரி ஓரத்துக் குடியிருப்புகளின் இளைஞர்கள் எடுக்கும் படங்கள் வேண்டும். விரிசல் விட்ட சுவர், தூசி படிந்த தண்ணீர்க் குடம், வெடி வைத்த நேரம், டிப்பரின் எண், நடைச்சீட்டு இல்லாத லோடு. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், சர்வே எண் வேண்டும். செல்போனில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிய நகல் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதை நம் வழக்கறிஞர் தோழர்கள் எழுதித் தர வேண்டும். எடுத்தவர் பெயரை வெளியே சொல்லாமல் இயக்கத்தின் பெயரில் ஆட்சியருக்கும், கனிம வளத் துறைக்கும், பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மனு போக வேண்டும். கிராம சபையில் அந்தப் படங்களைக் காட்டித் தீர்மானம் கேட்க வேண்டும். மனுவின் முதல் கோரிக்கை, 300 மீட்டருக்குள் இருக்கும் பட்டா இல்லாத வீடுகளையும் குடியிருப்பாகக் கணக்கிட வேண்டும் என்பதாக இருக்கட்டும். விதியின் விளக்கத்தை மாற்றும் வரை விடக் கூடாது.

சூழலியல் புகைப்படக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிரோனை உடைத்துப் போடச் சொல்லவில்லை. கீழே இறக்குங்கள். இறங்கும் இடம் காலனியாக இருக்கட்டும். படக் குறிப்பில் குத்தகைதாரர் பெயரும் அனுமதி எண்ணும் இருக்கட்டும். தொழிலாளி சம்மதித்தால் அவர் பெயரும் இருக்கட்டும். கண்காட்சி திறப்பதற்கு முன்னால் அந்தப் படம் அந்தத் தெருவில் ஒரு நாள் தொங்கட்டும். அதை நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.

என் அத்தை கேட்பாள்: “எல்லாரும் மலையத்தான் எடுக்காவ, எங்க செவுத்த எவன் எடுக்கான்?” இதற்குப் பதில் இல்லாத எந்தச் சூழலியலும் எங்களுக்கு வேண்டாம்.